தன்னார்வலர்கள் கையில் ஒரு டிரைவ்-இன் அரங்கு: 2013 முதல் 2020 வரையிலான நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரில் அமர்ந்தபடியே திறந்தவெளியில் படம் பார்க்கும் டிரைவ்-இன் அரங்கு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கேம்டன் நகரை ஒட்டி 1933 ஜூன் 6 அன்று தொடங்கியது. அதை அமைத்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட், தம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, எந்தச் சரிவில் நின்றால் முன்னால் நிற்கும் காரின் கூரை திரையை மறைக்காது என்று சோதித்துப் பார்த்தே மேட்டு வரிசை அமைப்புக்கு வந்து சேர்ந்தார். அந்த அமைப்புக்கு அவர் பெற்ற காப்புரிமை 1949 இல் நீதிமன்றத்தில் செல்லாமற்போன பிறகு நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாம் டிரைவ்-இன் கட்டத் தொடங்கினர். 1950களின் இறுதியில் அந்நாட்டில் 4,000க்கும் மேற்பட்ட அரங்குகள் இயங்கின.

இந்த ஆய்வுக்குரிய அரங்கு அந்த அலையில், ஒரு சிற்றூரின் எல்லைக்கு வெளியே கட்டப்பட்டது. சுமார் 280 கார்கள் நிற்கும் இடம், 80 அடி அகலத் திரை, நடுவில் கேன்டீனும் ஆபரேட்டர் அறையும் ஒன்றாக அமைந்த தாழ்ந்த கட்டடம் ஆகியவை மட்டுமே அதன் சொத்து. ஒரே குடும்பம் இரண்டு தலைமுறைகளாக அதை நடத்தி வந்தது. நிலவிலை ஏறியது, கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் முறை 1966 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ நாடு முழுவதும் பரவியதில் இருட்டுவதற்குள் குழந்தைகள் உறங்கும் நேரம் வந்துவிட்டது, பின்னர் வீடியோ கேசட் வந்தது. இத்தனையையும் தாங்கிய அரங்கு, படப்பெட்டி நின்றபோதுதான் நின்றது. 2013 வாக்கில் பெரிய ஸ்டுடியோக்கள் 35 மி.மீ. பிரதிகளை அனுப்புவதைக் கைவிடத் தொடங்கியிருந்தன. டிஜிட்டல் ப்ரொஜெக்டர் வாங்கப் பல்லாயிரம் டாலர் வேண்டும் என்று தெரிந்ததும், எழுபதைத் தாண்டிய உரிமையாளர் அந்த இலையுதிர்காலத்தோடு கதவைப் பூட்டினார்.

ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் குளிர்காலத்திலேயே அவரைச் சந்தித்து, சம்பளம் இன்றி உழைத்து அரங்கை மீட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் குழுவின் கணக்குகளைத் தொடக்கம் முதல் எழுதி வந்தவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன். ஆகவே தவறான முடிவுகளிலும் எனக்குப் பங்கு உண்டு.

மைதானத்தில் கண்டவை

2014 வசந்தத்தில் புல்லை வெட்டிய பிறகுதான் நிலத்தின் உண்மை நிலை தெரிந்தது. மேட்டு வரிசைகள் மழையில் கரைந்து, மூன்றாம் வரிசையில் ஓரிடத்தில் முழங்கால் ஆழத்துக்கு அரிப்பு விழுந்திருந்தது. வரிசைதோறும் கம்பங்களில் தொங்கிய பழைய ஒலிபெருக்கிகளில் வேலை செய்தவை பத்துக்கும் குறைவு; புதைத்த கம்பிகளை எலிகள் தின்றிருந்தன. கழிப்பறைகளின் செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது இறைக்கப்பட்டது என்று உரிமையாளருக்கே நினைவில்லை.

திரையை நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். பெயிண்ட் உரிந்திருந்தது, இரண்டு பலகைகள் லேசாக விலகியிருந்தன. அவ்வளவுதான் என்று நினைத்தோம். எங்கள் பட்டியலில் திரைக்கு ஏழாவது இடம் கொடுத்தோம். முதல் இடம் ப்ரொஜெக்டருக்கு. அந்த வரிசையை மாற்றி எழுத மூன்று ஆண்டுகள் பிடித்தன.

சட்ட உருவம் பற்றிய முடிவு

வேலை தொடங்கிய ஆறாவது வாரத்தில், குழுவில் ஒருவருக்குத் தெரிந்த வழக்கறிஞர் எங்களை நிறுத்தினார். இலாபம் ஈட்டும் தனியார் நிறுவனத்தில் ஒருவர் தன்னார்வலராக ஊதியமின்றி உழைக்க 1938 ஆம் ஆண்டின் தொழிலாளர் தரச் சட்டம் இடம் தருவதில்லை என்றும், உழைப்பவர் மனமுவந்து செய்தாலும் நிலைமை மாறாது என்றும் அவர் விளக்கினார். பிற்பாடு யாரேனும் ஒருவர் காயப்பட்டாலோ மனக்கசப்பில் புகார் கொடுத்தாலோ, அத்தனை மணி நேரத்துக்கும் சம்பளம் தர வேண்டிய பொறுப்பு அந்த முதியவர் தலையில் விழுந்திருக்கும். உதவி செய்யப் போன இடத்தில் அவருக்கே கடன் ஏற்றி வைத்திருப்போம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று வழிகள் இருந்தன. உரிமையாளர் எங்களைக் கூலிக்கு அமர்த்துவது முதல் வழி. அவரிடம் பணம் இல்லை. நிலத்தை நாங்கள் விலைக்கு வாங்குவது இரண்டாவது, எங்களிடமும் இல்லை. இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து, அதன் பெயரில் அரங்கைப் பத்தாண்டுக் குத்தகைக்கு எடுப்பது மூன்றாவது. அதையே தேர்ந்தோம். நிலத்தை விற்பதானால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையையும் குத்தகைப் பத்திரத்தில் சேர்த்தோம். வரிவிலக்கு அனுமதி கைக்கு வர எட்டு மாதங்கள் ஆயின. 2014 பருவம் முழுக்க ஒரு காட்சிகூட இல்லை. பன்னிரண்டு பேரில் நால்வர் சலித்து விலகினர்.

அதே சந்திப்பில் வழக்கறிஞர் இன்னொன்றும் சொன்னார். இலாப நோக்கற்ற அமைப்பே ஆனாலும், அதன் கேன்டீன் போன்ற வணிகப் பகுதியில் ஊதியமற்ற உழைப்பைப் பயன்படுத்துவது கேள்விக்குரியது. அங்கே ஆட்களைச் சம்பளத்துக்கு வையுங்கள் என்றார். குறிப்பேட்டில் அதை எழுதினேன். பக்கத்தைத் திருப்பினேன். ஐந்தாம் ஆண்டில்தான் மீண்டும் அந்தப் பக்கத்துக்கு வந்தோம்.

ப்ரொஜெக்டரும் ஓர் இரவும்

புதிய கருவியா, பழையதா என்பதில் குழு இரண்டுபட்டது. உள்ளரங்குத் திரைக்குத் தரமாக வகுத்த வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டலா (ஒளியை அளக்கும் அலகு). அகலம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். 40 அடித் திரைக்குப் போதுமான ஒளி 80 அடித் திரையில் கால்பங்காக மங்கும். டிரைவ்-இன்னில் நிலா வெளிச்சமும் நெடுஞ்சாலை விளக்கும் அதை மேலும் கழுவிவிடும். எனவே பெரிய செனான் வாயு விளக்கை ஏற்கும் ப்ரொஜெக்டர் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. மூடப்பட்ட ஒரு பல்திரை வளாகத்திலிருந்து பயன்படுத்திய கருவியை வாங்குவது என்று முடிவாயிற்று. நன்கொடை நான்கே மாதத்தில் திரண்டது. இவ்வளவு எளிதாக வேறு எந்தச் செலவுக்கும் எங்களுக்குப் பணம் கிடைத்ததில்லை.

கருவியின் விலையைக் கணக்கிட்ட நாங்கள் அறையைக் கணக்கிடவில்லை. அந்த விளக்கின் மின்வழங்கிக்கு மும்முனை மின்சாரம் தேவை. கட்டடத்துக்கு வந்ததோ ஒருமுனை இணைப்பு. ஒருமுனையை மும்முனையாக்கும் கருவி ஒன்று பொருத்த வேண்டியிருந்தது. மைதானத்துப் புழுதி லென்ஸுக்கும் மின்பலகைக்கும் ஆகாது என்பதால் படம் வெளியேறும் துளைக்குக் கண்ணாடியும், அறைக்குக் குளிரூட்டியும், வெப்பக் காற்றை வெளியேற்றத் தனிக் குழாயும் அமைத்தோம். அறைச் செலவு கருவி விலையில் மூன்றில் ஒரு பங்கை எட்டியது.

பழைய ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாகக் கார் ரேடியோவில் கேட்கும் பண்பலை ஒலிபரப்பை ஏற்றோம். உரிமமின்றி இயக்கும் பரப்பியின் (டிரான்ஸ்மிட்டரின்) எட்டம் சுமார் 200 அடிதான் என்பதால், முன்பாதிக்கு ஓர் அலைவரிசை, பின்பாதிக்கு வேறொன்று என இரண்டு சிறு பரப்பிகளை வைத்தோம். எந்த வரிசைக்கு எந்த எண் என்பதை நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்ட பிறகுதான் ஹாரன் சத்தம் அடங்கியது.

2015 ஜூன் மாத இரண்டாம் வெள்ளிக்கிழமை பற்றித் தனியாக எழுத வேண்டும். அந்த வாரம் சர்வரின் மீடியா பலகை பழுதாகி, விற்றவர் வேறொன்றை மாற்றித் தந்திருந்தார். பூட்டிய டிஜிட்டல் படத்தைத் திறக்கும் கே.டி.எம். என்ற மின்சாவி ஒரு குறிப்பிட்ட பலகைக்கும் குறிப்பிட்ட நாள், நேரத்துக்கும் மட்டுமே செல்லும். விநியோகஸ்தரிடம் இருந்ததோ பழைய பலகையின் எண். பிற்பகலிலேயே படம் சர்வரில் ஏறியிருந்தது, சாவியும் மின்னஞ்சலில் வந்திருந்தது. ஆகவே எல்லாம் சரி என்று நம்பினோம். இரவு 9.20க்கு, 94 கார்கள் நிற்க, ஆபரேட்டர் படத்தைத் தொட்டார். பட்டியலில் படத்தின் பெயருக்கு எதிரே சிவப்புப் பூட்டுச் சின்னம் மட்டும் இருந்தது. விநியோகஸ்தரின் இரவு நேர எண்ணில் 40 நிமிடங்கள் காத்திருந்தோம். 10.15க்கு ஒரு பெண் தன்னார்வலர் கைவிளக்கோடு ஒவ்வொரு காராகச் சென்று, கண்ணாடியை இறக்கச் சொல்லி, நடந்ததை மறைக்காமல் சொல்லி, மறுமுறைக்கான சீட்டைக் கையில் கொடுத்தார். கோபப்பட்டவர்கள் சிலர், பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள்.

மறுநாளே விதி ஒன்று எழுதப்பட்டது: சாவி செல்லும் நேரம் தொடங்கியவுடன், பகல் வெளிச்சத்திலேயே, படத்தின் முதல் ஐந்து நிமிடங்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்விதி இன்றும் ஆபரேட்டர் அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ளது.

2017: திரை

2016 நல்ல பருவம். அதனால்தான் அடுத்த ஆண்டை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 2017 ஏப்ரலில் அடித்த காற்றில் திரையின் மேல்வரிசையில் மூன்று பலகைகள் பிய்ந்து, ஒன்று நுழைவுப் பாதை வரை பறந்து விழுந்தது. பகல் நேரம், ஆள் யாரும் இல்லை. டிரைவ்-இன் திரை காற்றுக்கு எதிரே கட்டிய பாய் போன்றது. உள்ளரங்குத் திரையைப் போலப் படம் விழுவதற்கான துணி என்று மட்டும் அதை எண்ணியது எங்கள் பிழை.

பலகைகளை மாட்டிவிட்டு மே மாதம் திறக்கலாம் என்பதே முதல் எண்ணம். காப்பீட்டு நிறுவனம் கட்டமைப்புப் பொறியாளரின் சான்று கேட்டது. வந்த பொறியாளர் மேலே ஏறவே இல்லை. திரைக்குப் பின்னால் குனிந்து, ஓர் இரும்புத் தூணின் அடியில் புல்லையும் மண்ணையும் கையால் விலக்கி, சட்டைப் பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து மண்மட்டத்தில் வைத்து அழுத்தினார். அது பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமான துருத்தூள் ஒட்டியிருந்தது. எட்டுத் தூண்களில் ஐந்து அந்த நிலையில் இருந்தன. கூடவே, பழைய பலகைகள் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தவை என்பதும் ஆய்வுக்கூடச் சோதனையில் உறுதியானது; அவற்றை நாங்களே கழற்றுவது ஆபத்து, உரிமம் பெற்றவர்கள்தான் கையாள வேண்டும்.

இங்கே எடுத்த முடிவு குழுவைப் பிளந்தது. கம்பிகளால் இழுத்துக் கட்டி அந்தப் பருவத்தை ஓட்டிவிடலாம், வருமானம் வந்ததும் பழுது பார்க்கலாம் என்று ஐவர் வாதிட்டனர். மூடிவிட்டு அடித்தூண்களை வெட்டி மாற்ற வேண்டும் என்றனர் ஏழு பேர். முதல் தரப்பின் வாதத்தை முட்டாள்தனம் என்று நான் அன்றும் எண்ணவில்லை. ஒரு பருவம் முழுதாகப் போனால் மீண்டும் திறப்போமா என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் திரைக்கு முன்னால் முதல் வரிசையில் பாய் விரித்துக் குழந்தைகள் படுத்திருப்பார்கள். வாக்கெடுப்புக்கு முன் ஒருவர் இதை மட்டும் சொன்னார். ஐவரில் இருவர் மனம் மாறினர்.

நிதி திரட்டியதில் கிடைத்த பாடம் இன்னும் கசப்பானது. ப்ரொஜெக்டருக்கு நான்கு மாதத்தில் வந்த பணம், தூண்களுக்கு அதே கால அளவில் வரவில்லை. ஒளிரும் கருவியோடு நின்று படம் எடுத்துக்கொள்ள முன்வந்த அதே நன்கொடையாளர்கள், மண்ணுக்கடியில் கான்கிரீட் ஊற்றுவதற்குப் பதில் எழுதவில்லை. இறுதியில் பாதித் தொகையைக் கடனாகப் பெற்றோம். ஆகஸ்ட் கடைசியில், புது இரும்புத் தகட்டில் பளபளப்பு இல்லாத வெள்ளைப் பெயிண்ட் பூசிய திரையோடு, ஐந்து வார இறுதிகள் மட்டும் காட்சி நடந்தது.

ஆட்கள்

2018 இல் எந்தப் பொருளும் உடையவில்லை. ஆட்கள்தான் ஓய்ந்தார்கள். கோடையின் நடுவில் ஒன்பதரைக்குத்தான் போதிய இருட்டு வரும். இரண்டு படங்கள் முடிய நள்ளிரவு தாண்டி ஒன்றரை ஆகும். அதன் பிறகு பேட்டரி தீர்ந்து நிற்கும் ஐந்தாறு கார்களுக்கு ஜம்பர் கம்பி கொடுத்துக் கிளப்பிவிட்டு, கேன்டீன் எண்ணெய்ச் சட்டியைக் கழுவி, வீடு சேர மூன்று மணி. மறுநாள் காலை குப்பை பொறுக்க வேண்டும். வாரத்தில் நான்கு இரவுகள் இப்படி. கையெழுத்துப் பதிவேட்டின்படி, பெயர் கொடுத்த 43 பேரில் 9 பேர் மொத்த வேலை நேரத்தில் பாதிக்கும் மேல் செய்திருந்தனர். அந்தக் கணக்கைப் பருவம் முடிந்த பின்தான் நான் போட்டேன். மாதந்தோறும் போட்டிருந்தால் ஜூலையிலேயே தெரிந்திருக்கும்.

ஆகஸ்டில் ஆபரேட்டருக்கு இதய அறுவைச் சிகிச்சை. கருவியை இயக்க அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. விளக்கு மாற்றுவதோ அறியாதவர் தொடக்கூடாத வேலை. செனான் விளக்கின் உள்ளே குளிர்ந்த நிலையிலும் அழுத்தம் உண்டு, முகக்கவசமும் கையுறையும் இன்றித் தொட்டு அது வெடித்தால் கண் போகும். மூன்று வாரங்கள் காட்சி ரத்தாயிற்று. அவர் நலமடைந்து வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு கல்லூரி மாணவி கருவியை இயக்கினார், இன்னொருவர் ஒவ்வொரு செயலையும் எழுதினார். காற்றோட்ட விசிறியைப் போடுவதில் தொடங்கி, காட்சி முடிந்து விளக்கு ஆறும் வரை விசிறியை நிறுத்தாமல் காத்திருப்பது வரை 61 படிகள். தமக்குப் பத்துப் பன்னிரண்டு வேலைகள்தான் இருப்பதாக அவர் எண்ணியிருந்தார்.

2019க்கு முன் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. காட்சிகளை வெள்ளி, சனி என இரண்டு இரவுகளாகக் குறைத்தோம். புதுப்படம் எடுத்தால் நுழைவு வருமானத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போவதோடு, குறிப்பிட்ட வாரங்கள் தொடர்ந்து ஓட்டியாக வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். அதனால் பருவத்தில் பாதியைப் பழைய படங்களுக்கு ஒதுக்கினோம். மூன்றாவதாக, கேன்டீன் முழுவதற்கும் ஒரு மேலாளரின் கீழ் சம்பள ஆட்களை அமர்த்தினோம். ஆபரேட்டருக்கும் ஊதியம் நிர்ணயித்தோம். டிரைவ்-இன்னை வாழ வைப்பது சோளப்பொரியும் குளிர்பானமும்தான், நுழைவுச்சீட்டு அன்று. அந்த வருமானப் பகுதியைத்தான் நாங்கள் நான்கு ஆண்டுகள் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களிடம் விட்டிருந்தோம்.

சம்பளம் என்ற சொல் சிலரைப் புண்படுத்தியது. தொடக்கத்திலிருந்து பொரி வறுத்த தம்பதியர், "அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் செய்ததற்கு என்ன பெயர்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வாங்காமல் போனார்கள். இந்த முடிவைக் கூட்டத்தில் அறிவிப்பதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் பிறகு வரவே இல்லை.

2020 பருவமும் இப்போதைய நிலையும்

பெருந்தொற்றால் உள்ளரங்குகள் அடைபட்ட 2020 இல் டிரைவ்-இன் அரங்குகளுக்குத் திடீரென்று கூட்டம் வந்தது. புதுப்படங்களை ஸ்டுடியோக்கள் தள்ளிவைத்திருந்ததால் பெரும்பாலும் பழைய படங்களே கிடைத்தன. ஓராண்டு அனுபவம் இருந்ததால் எங்களுக்கு அது சிக்கலாகவில்லை. கார்களை ஒன்றுவிட்டு ஓரிடத்தில் நிறுத்தியதால் 140 கார்களோடு வாயில் மூடப்பட்டது. அநேக சனிக்கிழமைகளில் அந்த எண்ணிக்கை நிரம்பியது. வாரத்தில் ஐந்து இரவுகள் ஓட்டலாமே என்று ஊரில் பலரும் கேட்டனர். 2018 பதிவேட்டை மேசையில் வைத்துக்கொண்டு, இரண்டு இரவுகளோடு நிறுத்தினோம். திரைக்கான கடன் அந்த அக்டோபரில் தீர்ந்தது.

உரிமையாளர் இதற்கிடையில் காலமானார். நிலம் இப்போது வெளியூரில் வாழும் வாரிசுகளிடம் உள்ளது. குத்தகையில் நான்கு ஆண்டுகள் மீதமிருக்கின்றன. அவர்கள் கேட்கும் விலை எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

மாற்ற வேண்டியவை

மீண்டும் தொடங்குவதானால், பொறியாளரை முதல் மாதத்திலேயே அழைத்து, திரையின் அடித்தூண், செப்டிக் டேங்க், மின் இணைப்பு ஆகிய மூன்றையும் பார்க்கச் செய்த பிறகே ப்ரொஜெக்டருக்கு உண்டியல் வைப்பேன். நன்கொடை கேட்கும்போது கருவிக்குத் தனி, அடித்தளத்துக்குத் தனி என்று பிரிக்காமல், அரங்கு முழுவதற்கும் ஒரே தொகையாகக் கேட்பேன். பிரித்துக் கேட்டதுதான் தூண்களை அநாதையாக்கியது. எந்த வேலையையும் இருவர் அறியாமல் ஒரு காட்சிகூட ஓட்டக்கூடாது என்பதை முதல் பருவத்திலேயே விதியாக்குவேன். குத்தகையைப் பத்தாண்டுக்கு எழுதியதும் போதாது. வாரிசுகளையும் கையெழுத்திட வைத்து, நிலத்தின் விலையை எந்த முறையில் கணக்கிடுவது என்பதையும் அன்றே பத்திரத்தில் சேர்த்திருக்கலாம். உரிமையாளர் மனம் இளகியிருந்த காலம் அது. கேட்கக் கூச்சப்பட்டோம்.

மூன்றாம் வரிசை அரிப்பு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. அதற்கான ஜல்லி வாங்கியாகிவிட்டது. நுழைவாயில் அருகே கொட்டிக் கிடக்கிறது. உறைபனி இளகியதும் முதல் சனிக்கிழமை அதை அள்ளிப் போட 11 பேர் பெயர் கொடுத்துள்ளனர்.